நெற்றியில் ஏற்றிய கண்ணாடி

ஜனவரி 6

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். அப்பாவின் முழங்கால் வலி மட்டும் குறையவில்லை. லிஃப்ட் மெக்கானிக்காக இருப்பதில் அதுதான் கஷ்டம், பழுதான லிஃப்டைப் பார்க்கப் படியேறித்தானே போக வேண்டியிருக்கிறது! அம்மா நன்றாக இருக்கிறாள். உன் உடம்பு எப்படி? மலைக் குளிர் ஒத்துக்கொள்கிறதா? சளி பிடித்தால் மறைக்காமல் எழுது. உங்கள் தாழ்வாரத்துப் போனில் பேசினால் வரிசையில் நிற்கிறவர்கள் எல்லோரும் நம் வீட்டுக் கதையைக் கேட்கிறார்கள் என்றாய், அதனால்தான் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் இயற்பியல் மன்றத்து அறிவிப்புப் பலகை இந்த வருடம் என் தலையில் விழுந்திருக்கிறது. இடது பாதி செய்திகள், வலது பாதி வாய்ப்புகள். எனக்கு முன்னால் பார்த்துக்கொண்டவர் தேதி முடிந்த உதவித்தொகை அறிவிப்புகளைத் துருப்பிடித்த ஊசியோடு அப்படியே விட்டுப் போயிருக்கிறார். சுத்தம் செய்யவே ஒரு மதியம் போனது. என்னோடு ஒரே பெஞ்சில் உட்காரும் நெட்டைதான் கூட நின்றாள். பலகையின் மேல் விளிம்புக்கு அவள் கைதான் எட்டும். பாவம், அவளுக்கு அம்மா மட்டும்தான். சலவைக் கூடத்தில் இஸ்திரி போடுகிற அம்மா. இவள் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். வகுப்பில் என்னை முந்த முடியவில்லையே என்று தினமும் என்னைத் திட்டுவாள்.

வானியல் ஆய்வு மையத்தில் அண்ணனை வைத்துக்கொண்டு நான் பத்திரிகையைப் பார்த்துச் செய்தி எழுதினால் நன்றாகவா இருக்கும்? அங்கே நடப்பதை எழுது. மாணவர்களுக்கு ஏதாவது வாய்ப்பு இருந்தால் அதை முதலில் எழுது.

உன் தங்கை,
சுண்டெலி


ஜனவரி 19

சுண்டெலிக்கு,

நலம். குளிருக்கு உடம்பு பழகிவிட்டது, சோற்றுக்குத்தான் இன்னும் பழகவில்லை. அப்பாவை முழங்காலுக்குப் பட்டை கட்டிக்கொள்ளச் சொல். சொன்னால் கேட்க மாட்டார், இருந்தாலும் சொல்.

உன் பலகைக்கு முதல் செய்தி. பக்கத்து அறைக்காரர்கள் ஒரு விண்மீன் மங்குகிறது என்று கண்டுபிடித்தார்கள். குறுக்கே ஒரு கோள் போகிறது, புதுக்கோள், என்ன பெயர் வைக்கலாம் என்கிற அளவுக்குப் பேச்சு வளர்ந்தது. கடைசியில் பார்த்தால் கேமராவில் ஒரு தூசி. துடைத்ததும் கோள் போய்விட்டது. மூன்று பேர் இரண்டு நாள் யார் முகத்திலும் முழிக்கவில்லை.

இரண்டாவது, என் வேலை. காற்று நடுங்கிக்கொண்டே இருப்பதால் விண்மீன் படம் கலங்குகிறது, வாளித் தண்ணீருக்கு அடியில் கிடக்கும் நாணயம் மாதிரி. நாங்கள் வானத்துக்கு ஒரு லேசரை அனுப்பி உயரத்தில் ஒரு பொய் விண்மீனை உண்டாக்குகிறோம். அது எப்படி நடுங்குகிறது என்று பார்த்து, அதற்கு எதிராக ஓர் ஆடியை வளைத்தால், நிஜ விண்மீன் அசையாமல் தெரியும். அந்த லேசரை முதலில் ஒரு பெரிய மேசையில், சின்னச் சின்ன ஆடிகளில் பட்டுத் தெறிக்கவைத்து வழிக்குக் கொண்டுவர வேண்டும். அந்த மேசைதான் எனக்கு வீடு வாசல் எல்லாம்.

இதில் ஒரு வேடிக்கை. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட வேண்டும் என்று கதவிலேயே ஒட்டியிருக்கிறது. ஆனால் அது அந்த லேசரின் ஒளியைத்தான் தடுக்கும். போட்டுக்கொண்டால் கதிர் தெரியாது. தெரியாத கதிரை எப்படி நேர்ப்படுத்துவது? அதனால் பேராசிரியர் முதல் நேற்று வந்தவன் வரை எல்லோரும் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு வேலை செய்கிறோம். எங்கள் அறையில் எல்லோருக்கும் நெற்றிக்கண் உண்டு என்பது இங்கே பழைய ஜோக்.

வாய்ப்பு இதுதான். வரும் கோடையில் எங்கள் அறையிலேயே மாணவர் பயிற்சி. கல்லூரிக்கு ஒருவர். மதிப்பெண் பார்த்துத்தான் எடுப்பார்கள். பலகையில் போடு, ஆனால் உன் பெயரை முதலில் எழுது. நீ வந்தால் நம் இருவருக்கும் ஒரே மேசை.

அண்ணன்


பிப்ரவரி 2

அன்புள்ள அண்ணாவுக்கு,

எல்லோரும் நலம், நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன். அப்பா பட்டை கட்டிக்கொண்டார், நான் சொல்லி அல்ல, நீ சொன்னதாகச் சொன்னதால்.

தூசிக் கோள் செய்தியைப் படித்துவிட்டு எங்கள் துறைத் தலைவரே சிரித்தார், அந்த மனிதருக்குப் பல் இருப்பது அன்றுதான் தெரிந்தது. பயிற்சி அறிவிப்பைப் போட்டதும் எட்டுப் பேர் விண்ணப்பித்தார்கள். பட்டியலில் முதலில் நான், அடுத்து நெட்டை. அவள் இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் அவளே வந்து, போகும்போது போட்டுக்கொள் என்று தன் கம்பளிச் சட்டையைக் கொடுத்தாள். அது எனக்கு முழங்கால் வரை வருகிறது.

என்ன எடுத்துவர வேண்டும், என்ன படித்துவிட்டு வர வேண்டும் என்று உடனே எழுது. எனக்குக் கால் தரையில் இல்லை.

சுண்டெலி


மார்ச் 1

அண்ணா,

நலமா? ஒரு மாதமாகக் கடிதம் இல்லை. போன் செய்தால், எடுக்கிறவர்கள் நீ உறங்குவதாகச் சொல்கிறார்கள், பட்டப்பகலில். அம்மா என் முகத்தையே பார்க்கிறாள். வேலை அதிகம் என்று நானாக ஒரு பொய் சொல்லி வைத்திருக்கிறேன். அதை மெய்யாக்கவாவது இரண்டு வரி போடு.

சுண்டெலி


மார்ச் 9

சுண்டெலிக்கு,

காய்ச்சல். இப்போது பரவாயில்லை. கவலைப்பட ஒன்றுமில்லை என்று அம்மாவிடம் சொல். எழுத்து கோணலாக இருந்தால் படுத்துக்கொண்டு எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்.

மேசை வேலையிலிருந்து என்னைக் கணக்கு வேலைக்கு மாற்றியிருக்கிறார்கள். வேறு கட்டடம். இதுவும் நல்லதுதான்.

பயிற்சிக்கு நீ வர வேண்டாம். யோசித்துத்தான் சொல்கிறேன். சாப்பாடு சரியில்லை, தண்ணீர் சரியில்லை, பஸ் கிடையாது. கற்றுக்கொள்ளவும் பெரிதாக ஒன்றுமில்லை, ஆடிக்குத் திருகாணி முடுக்குவதுதான் வேலை. இதைவிட நல்ல இடங்கள் உண்டு, விலாசம் அனுப்புகிறேன். பலகையில் போட்டதை எடுக்க வேண்டாம். அது பாட்டுக்கு இருக்கட்டும். எடுத்தால் ஏன் என்று கேட்பார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்


ஏப்ரல் 4

அண்ணாவுக்கு,

நீ நல்லபடியாகப் போய்ச் சேர்ந்திருப்பாய் என்று நினைக்கிறேன். நாலு நாள் வீட்டுக்கு வந்தாய், நாலு நாளும் நான் உன்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. நேரில் பேசினால் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

என்னை வர வேண்டாம் என்று நீ சொன்னது உன் இஷ்டம். நான் கேட்க மாட்டேன் என்று தெரிந்ததும் அப்பாவைப் பிடித்தாய். பெண் பிள்ளை தனியாக இருக்கத் தகுந்த இடமில்லை என்று அவர் காதில் ஓதினாய். சின்ன வயதிலிருந்து என்னை மரமேறவும் சைக்கிள் ஓட்டவும் கூட்டிப்போன நீ! அப்பா முதல் தடவையாக என் விஷயத்தில் மறுத்தார், பயிற்சிக்கான சம்மதத் தாளில் கையெழுத்துப் போடவில்லை. நான் உன் இடத்துக்கு வந்தால் உனக்கு என்ன குறைந்துவிடும்? உன்னைவிட நன்றாகச் செய்துவிடுவேன் என்று பயமா? இதை எழுதும்போதே எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனால் நான் நினைத்தது இதைத்தான்.

நீயும் ஆள் சரியில்லை. அம்மாவுக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன் என்று டம்ளருக்கு வெளியே மேஜை முழுக்க ஊற்றினாய். கேட்டதற்கு, கணக்கு போட்டுப் போட்டு மூளை வழுக்கிவிட்டது என்று சிரித்தாய். அம்மா சிரித்தாள். நான் சிரிக்கவில்லை, கோபத்தில் இருந்தேன்.

போகட்டும். என் இடம் நெட்டைக்குப் போனது. செய்தி கேட்டதும் அவள் என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். கம்பளிச் சட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். மே மாதம் வருகிறாள். என்னைப் பார்த்துக்கொள்கிற மாதிரி அவளைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை


ஏப்ரல் 26

சுண்டெலிக்கு,

நலம். உன் கோபம் நியாயம்தான். திட்டு, வாங்கிக்கொள்கிறேன். நீ நினைத்த மாதிரி மட்டும் இல்லை.

நெட்டை வருவதை அறிந்தேன். நான் வேறு கட்டடத்தில் இருப்பதால் அதிகம் பார்க்க முடியாது. அவளைப் பத்திரமாக இருக்கச் சொல். இங்கே காற்றில் தூசி அதிகம், கண்ணைப் பார்த்துக்கொள்ளச் சொல். வேறு இடம் ஏதாவது கிடைத்தால் அங்கே போகட்டும் என்றும் சொல்லிப் பார். கேட்காவிட்டால் வற்புறுத்த வேண்டாம்.

அப்பா அம்மாவுக்கு என் அன்பு.

அண்ணன்


ஜூன் 11

அண்ணாவுக்கு,

வீட்டில் எல்லோரும் நலம். உன் நலத்தைப் பற்றி இந்தக் கடிதத்தின் கடைசியில் கேட்கிறேன்.

நெட்டை திரும்பி வந்துவிட்டாள். உனக்குத் தெரிந்திருக்கும், ஒரே மலைதானே. மேசையில் ஓர் ஆடியின் திருகாணியை முடுக்கும்போது கதிர் ஸ்க்ரூடிரைவரில் பட்டு அவள் வலது கண்ணில் அடித்திருக்கிறது. கண்ணாடி நெற்றியில் இருந்திருக்கிறது. வலிக்கவே இல்லையாம். யாரோ போட்டோ எடுத்த மாதிரி ஒரு பளிச், அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில் விழித்திரையின் நடுவில் பொசுங்கிவிட்டது, அந்தப் பார்வை இனி வராது என்றார்கள். இடது கண்ணை மூடிக்கொண்டு என்னைப் பார்த்தாள். உன் காது தெரியுது, தோள் தெரியுது, மூஞ்சி இருக்கற எடத்துல ஒண்ணுமே இல்லை என்றாள்.

விடுதியில் அவளோடு உட்கார்ந்திருந்தேன். எனக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுக்கிறேன் என்று எழுந்தாள். டம்ளருக்கு வெளியே ஊற்றினாள். மேஜை முழுக்க ஓடியது. ஒரு கண்ணால் தூரம் சரியாகத் தெரியவில்லை, பழக வேண்டுமாம் என்று சொல்லித் துடைத்தாள்.

அப்புறம் உன் கடிதங்களில் இருந்தது ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. காய்ச்சல், கோணல் எழுத்து, வேறு கட்டடம், தூசி. என்னை வர வேண்டாம் என்றது. பலகையில் போட்டதை எடுக்க வேண்டாம் என்றது.

இப்போது விசாரணை வைத்திருக்கிறார்கள். கண்ணாடி கொடுத்தோம், கதவில் விதி ஒட்டியிருக்கிறோம், அவளாகத்தான் கழற்றினாள் என்கிறது ஆய்வகம். அப்படி முடிந்தால் சிகிச்சை அவள் பொறுப்பு, ஒழுங்கீனம் என்று எழுதிவிடுவார்கள், அதன்பிறகு எந்த ஆய்வகமும் அவளைச் சேர்க்காது. எல்லோரும் கழற்றுவார்கள் என்று அவள் சொன்னதற்கு அந்த அறையில் ஓர் ஆள்கூட வாய் திறக்கவில்லை. இதற்கு முன்னால் அங்கே ஒரு கண் போயிருக்கிறது என்று யாராவது சொன்னால் மட்டும்தான் அவள் பிழைப்பாள்.

உன் கண் எப்படி இருக்கிறது, அண்ணா?


ஜூன் 18

சுண்டெலி,

இடது கண். கைக்கடிகாரத்தைக் கழற்றாமல் கையை நீட்டினேன், கதிர் அதில் பட்டுத் தெறித்தது. அவ்வளவுதான் நடந்தது.

பேராசிரியரே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். திரும்பி வரும் வழியில் அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "இது வெளியே போனா அறையைப் பூட்டிடுவாங்க. பத்து வருஷ வேலை. இது நம்மோட இருக்கட்டும், உன் மேற்படிப்பை நான் பாத்துக்கறேன்." நான் சரி என்றேன். வெளிநாட்டுத் தொலைநோக்கி மையத்தில் முனைவர் இடத்துக்கு அவர்தான் எழுதினார். முடிவு இந்த மாதம். மருத்துவப் பரிசோதனையும் முடிந்துவிட்டது. எழுத்துப் பலகையை வலது கண்ணால் படிக்கும்போதே மனப்பாடம் செய்து இடது கண்ணுக்கு ஒப்பித்தேன். நல்ல மாணவன் இல்லையா நான்?

உன்னை எப்படியாவது தடுத்தால் போதும் என்று இருந்தது. வேறு ஒருத்தி வருவாள் என்பது தெரியும். அவளுக்கு ஒன்றும் ஆகாது என்று நினைத்துக்கொண்டேன், இத்தனை வருடத்தில் எனக்கு மட்டும்தானே ஆனது என்று. அவளை ஒரு நாள் சாப்பாட்டுக் கூடத்தில் பார்த்தேன். உன்னைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தாள். சொல்லிவிடலாம் என்று எழுந்தேன். பேராசிரியர் உள்ளே வந்தார், உட்கார்ந்துவிட்டேன்.

விசாரணைக்கு வருகிறேன். சொல்கிறேன். அப்பா அம்மாவுக்கு மட்டும் இப்போது தெரிய வேண்டாம்.

அண்ணன்


ஜூன் 23

அண்ணாவுக்கு,

நாங்கள் நலம். உன் கண்ணுக்கு வேறு டாக்டரிடம் காட்டலாமா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன், மனம் கேட்கவில்லை.

நீ வருகிறாய் என்று நெட்டையிடம் சொன்னேன். உன் கண்ணைப் பற்றிச் சொல்லவில்லை, அதை நீதான் சொல்ல வேண்டும். அந்த அறையில் நடப்பதைச் சொல்ல அண்ணன் வருகிறார் என்று மட்டும் சொன்னேன். அன்று அவள் இரண்டு இட்லி அதிகமாகச் சாப்பிட்டாள் என்று விடுதிக்காரி சொன்னாள். அவளோடு நானும் வருவேன், வெளி பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். பயப்படாதே அண்ணா. அந்த இடம் போனால் போகட்டும், வேறு தேடலாம். எனக்கு உன்மேல் இருந்த கோபம் எல்லாம் போய்விட்டது.

சுண்டெலி


ஜூலை 6

சுண்டெலிக்கு,

நலம்தான். நீங்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். பின்வாசல் வழியாக என்னை அழைத்துப் போனார்கள், அதனால் உன்னிடம் வர முடியவில்லை.

நான் என்ன சொன்னேன் என்பது இதற்குள் உனக்குத் தெரிந்திருக்கும். அறையில் கண்ணாடி போடுவதுதான் வழக்கமா என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். இதற்கு முன் விபத்து நடந்ததுண்டா என்று கேட்டார்கள். என் அறிவுக்கு எட்டியவரை இல்லை என்றேன். சொல்ல வேண்டியதை வரிசையாக மனதில் வைத்துக்கொண்டுதான் உள்ளே போனேன். அன்று காலையில் எனக்கு அந்த இடம் கிடைத்துவிட்டதாகக் கடிதம் வந்தது. அது சட்டைப் பையில் இருந்தது. ஒரு நாள் தள்ளி வந்திருக்கலாம்.

ஒரு கண் போனதற்கு இந்த இடமாவது மிஞ்சட்டும் என்று நினைத்தேன். இரண்டையும் விடுவதற்கு எனக்குத் தைரியம் இல்லை. நீ பத்திரமாக இருக்கிறாய், அதுதான் எனக்கு ஆறுதல்.

பார்வைக் குறைபாடு உள்ள அறிவியல் மாணவர்களுக்கு ஒரு உதவித்தொகை இருக்கிறது. விவரம் இணைத்திருக்கிறேன். நெட்டையிடம் கொடு. நான் கொடுத்ததாகச் சொல்ல வேண்டாம்.

அடுத்த மாதம் கிளம்புகிறேன்.

அண்ணன்


ஜூலை 15

அண்ணாவுக்கு,

விசாரணை முடிவு வந்துவிட்டது. தவறு நெட்டையுடையது என்று எழுதியிருக்கிறார்கள். நான் மறுநாளே போய் உன் கண்ணைப் பற்றிச் சொன்னேன். உங்கள் அண்ணனே அப்படி எதுவும் நடக்கவில்லை என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாரே அம்மா என்று மரியாதையாகத்தான் அனுப்பினார்கள்.

வீட்டில் சொல்லிவிட்டேன், இனி என்னால் மறைக்க முடியவில்லை. அம்மா எந்தக் கண் என்று மட்டும் கேட்டாள். அப்பா, "அவன் சொன்னான்னுதானே உனக்குக் கையெழுத்துப் போடலை. அந்தப் பொண்ணுக்கு அவ அம்மா போட்டிருப்பாளே" என்றார். மறுநாள் வேலைக்குப் போகவில்லை.

அந்தப் பயிற்சியைப் பற்றிப் பலகையில் எழுதிப் போட்டேன். அந்த அறையில் கண்ணாடி நெற்றியில்தான் இருக்கும், இரண்டு பேருக்குக் கண் போயிருக்கிறது, அதில் ஒருவர் என் அண்ணன் என்று. துறைத் தலைவர் கிழித்தார். மறுபடி போட்டேன். பலகையை என்னிடமிருந்து வாங்கிவிட்டார்கள். அடுத்த கோடைக்கு அதே அறிவிப்பு வரும், வேறு யாரோ ஊசி குத்தி மாட்டுவார்கள்.

நீ அனுப்பிய உதவித்தொகை விவரத்தை நெட்டையிடம் கொடுத்தேன். நீ கொடுத்தது என்று சொல்லித்தான் கொடுத்தேன். உன் கண்ணைப் பற்றியும், பிப்ரவரியிலேயே அது நடந்ததையும், என்னைத் தடுக்க நீ அப்பாவிடம் பேசியதையும் எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பாள், திட்டுவாள், இனி முகத்தில் முழிக்காதே என்பாள் என்று எதிர்பார்த்தேன். அப்படிச் சொல்லியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

காகிதத்தை மடித்து வைத்துவிட்டு, கோபமே இல்லாமல், "எனக்கும் ஒரு அண்ணன் இருந்திருந்தா நானும் போயிருக்க மாட்டேன்ல" என்று கேட்டாள்.

நீ கிளம்புவதற்குள் அவளுக்கு ஒரு பதில் எழுது. எனக்கு வேண்டாம், அவளுக்கே எழுது. விடுதி விலாசத்தைக் கீழே கொடுத்திருக்கிறேன்.

தங்கை